குளியலறைக்கு வினைல் டைல்ஸ்: தாளை உரிப்பதற்கு முன் போட வேண்டிய கணக்கு

வினைல் டைல்ஸ் ஒட்டுவது பெரிய வித்தை இல்லை. பின்பக்கத் தாளை உரித்தால் பசை தயாராக இருக்கிறது. கட்டர் கத்தியும் இரும்பு ஸ்கேலும் இருந்தால் வெட்டிவிடலாம். சிமென்ட் குழைக்க வேண்டாம், மெஷின் வாடகைக்கு எடுக்க வேண்டாம். அப்படியும் முதன்முறை கை வைத்தவர்களின் தரை பல வீடுகளில் காட்டிக்கொடுத்துவிடுகிறது. பாத்டப் ஓரமாக ஒன்றரை அங்குலத்தில் ஒரு கீற்று ஓடும். கதவைத் திறந்ததும் தெரியும் ஜாயின்ட் கோணலாகப் போகும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: முதல் டைல் எங்கே உட்கார வேண்டும் என்று முடிவு செய்யாமலே ஒட்டத் தொடங்கிவிடுகிறோம். அந்த முடிவை எப்படி எடுப்பது என்பதைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். ஒரு மாலை நேரம், பென்சில், டேப், ஒரு தாள் போதும்.

முதலில் ஒரு எச்சரிக்கை. இது கனடா, அமெரிக்கா போன்ற நாடுகளின் குளியலறைகளுக்கான வழிமுறை. அங்கே தண்ணீர் முழுவதும் டப்புக்குள்ளேயே விழும்; தரை உலர்ந்தே இருக்கும். தரையில் தண்ணீர் ஊற்றிக் குளித்து, வாட்டம் வைத்து மூலையிலுள்ள ஜாலிக்கு ஓடவிடும் நம் ஊர்க் குளியலறையில் வினைல் ஒட்டாதீர்கள். ஜாயின்ட் வழியே தண்ணீர் அடியில் இறங்கிப் பசையைத் தளர்த்திவிடும். நாளடைவில் ஓரங்கள் தூக்கிக்கொள்ளும். அந்த வகைத் தரைக்கு வழுக்காத செராமிக் டைல்ஸ்தான் சரி.

இன்னொன்று, இதைவிட முக்கியமானது. வீடு 1980களுக்கு முன் கட்டியதாக இருந்து, பழைய தரையில் 9 அங்குலச் சதுர டைல்ஸோ அதன் அடியில் கறுப்புப் பசையோ தெரிந்தால் அதைச் சுரண்டவோ தேய்க்கவோ உடைக்கவோ கூடாது. அந்தக் காலத்து டைல்ஸிலும் பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்க வாய்ப்பு அதிகம். அதன் தூசி நுரையீரலுக்குப் பெரும் கேடு. முதலில் பரிசோதனைக்குக் கொடுத்து, முடிவு தெரிந்த பிறகு மேற்கொண்டு யோசியுங்கள்.

அளவு எடுப்பது

கமோடைக் கழற்றிவிட்டே அளவெடுங்கள். கமோடைச் சுற்றி வெட்டி ஒட்டிவிடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த வளைவை ஒழுங்காக வெட்டவும் முடியாது, அங்கே அழுக்கு சேர்வதைத் தடுக்கவும் முடியாது. வால்வை மூடி, ஒருமுறை ஃபிளஷ் செய்து, மிச்சத் தண்ணீரைப் பஞ்சால் ஒற்றியெடுத்தால் அடியிலுள்ள இரண்டு நட்டுகள்தான் பாக்கி. தூக்கியதும் குழாய் வாயில் ஒரு பழந்துணியைத் திணித்துவிடுங்கள். சாக்கடை வாயு வீட்டுக்குள் வராது. ஸ்க்ரூவும் உள்ளே விழாது. சுவரடிப் பலகையையும் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள். மறுபடி மாட்டும்போது டைல் ஓரத்தின் சிறு குறைகளை அது மூடிக்கொள்ளும்.

இனி டேப். அகலத்தை ஓரிடத்தில் அளந்து எழுதிக்கொள்வது போதாது. கதவுப் பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, டப் பக்கம் ஒன்று என்று மூன்று இடங்களில் அளந்து மூன்றையும் எழுதுங்கள். நீளத்துக்கும் அப்படியே. எந்த அறையும் அச்சில் வார்த்த சதுரமாக இருக்காது. அரை அங்குல வித்தியாசம் சர்வசாதாரணம்.

கணக்கு புரிவதற்காக, வட அமெரிக்காவில் மிகப் பரவலான ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். மொத்தம் 5 அடி அகலம், 8 அடி நீளம். கதவைத் திறந்து உள்ளே பார்த்தால் நேரெதிரே குறுக்குச் சுவரோடு பாத்டப். அதன் அகலம் 30 அங்குலம். ஆகவே டைல் போட வேண்டிய தரை 60 அங்குல அகலமும் 66 அங்குல நீளமும். இடது சுவரோடு முதலில் வேனிட்டி என்று விற்கும் பேசின் அலமாரி. அது சுவரிலிருந்து 21 அங்குலம் முன்னே வருகிறது, அடிவரை நேராக இறங்கும் வகை. அதற்கு அடுத்துக் கமோட். வலது சுவர் வெறுமையாக இருக்கிறது. கதவு வலப்பக்கமாக அமைந்திருக்கிறது. கையில் இருப்பது 12 அங்குலச் சதுர டைல்ஸ்.

பெட்டியில் 12 என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாமல் ஐந்து டைல்களை ஒட்டி ஒட்டி அடுக்கி மொத்தமாக அளந்துவிடுங்கள். இடைவெளி விட்டு, அதில் கிரவுட் என்னும் சாந்தை நிரப்பும் வகையென்றால் அந்த இடைவெளியும் கணக்கில் சேரும். எட்டில் ஒரு பங்கு அங்குலம் விட்டால் உங்கள் டைல் 12 அல்ல, 12⅛. இந்த அறையின் அகலத்தில் ஐந்து டைல் அடங்காமல் போக அதுவே போதும்.

ஓரத்துண்டுக்கு ஒரு சூத்திரம்

ஒரு சுவரிலிருந்து முழு டைலாக அடுக்கிக்கொண்டே போனால் மறுசுவரில் என்ன மிஞ்சுமோ அதுதான் துண்டு. மிச்சம் ஓர் அங்குலம் என்றால் ஓர் அங்குலக் கீற்றை ஒட்ட வேண்டிவரும். அது பார்க்க அசிங்கம். பசைப் பரப்பு குறைவு என்பதால் சீக்கிரம் பெயர்ந்தும் வரும். அதனால் தொழில் தெரிந்தவர்கள் எவரும் பாதி டைலுக்குக் குறைந்த துண்டை ஓரத்தில் விட விரும்புவதில்லை.

அதற்கு வழி எளிது. நீளத்தை டைல் அளவால் வகுங்கள். வரும் மீதியோடு ஒரு டைல் அளவைக் கூட்டி, இரண்டால் வகுங்கள். அதுவே இரண்டு ஓரங்களிலும் வர வேண்டிய துண்டின் அளவு. நடுவில் வரும் முழு டைல்கள், வகுத்தபோது கிடைத்த ஈவில் ஒன்று குறைவு.

நம் அறையின் நீளம் 66. 12ஆல் வகுத்தால் ஈவு 5, மீதி 6. மீதியும் ஒரு டைலும் சேர்ந்து 18. அதில் பாதி 9. கதவோரம் 9 அங்குலம், நடுவில் நான்கு முழு டைல், டப் ஓரம் 9 அங்குலம். கூட்டிப் பார்த்தால் 66 சரியாக வரும். 18 அங்குல டைலாக இருந்தால் ஈவு 3, மீதி 12. துண்டு 15, நடுவில் இரண்டு முழு டைல். இந்தச் சூத்திரம் எந்த அறைக்கும் பொருந்தும். மீதி எவ்வளவு சிறிதாக இருந்தாலும் துண்டு பாதி டைலுக்குக் கீழே போகவே போகாது. மெட்ரிக் அளவில் டைல் வாங்கியவர்கள் மில்லிமீட்டரில் இதையே செய்யலாம்.

நடுவில் வரும் முழு டைல்கள் இரட்டைப்படை என்றால் அறையின் நடுக்கோட்டில் ஜாயின்ட் வரும். ஒற்றைப்படை என்றால் நடுக்கோட்டில் ஒரு டைலின் மையம் உட்காரும். இதைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள், கோடு போடும்போது தேவைப்படும்.

‘சரியாக ஐந்து’ என்ற பொறி

அகலம் 60. ஐந்து டைல், மீதியே இல்லை, வெட்டவே வேண்டாம் என்று மனம் துள்ளும். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். திட்டமிடுதலின் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

முதலில் சுவர். கதவுப் பக்கம் 60 இருந்த அகலம் டப் பக்கம் 59½ ஆகியிருந்தால் ஐந்து முழு டைல் அங்கே நுழையாது. எப்படியும் ஒரு பக்கத்து வரிசை முழுவதையும் சாய்வாக வெட்டியாக வேண்டும்.

அடுத்தது பேசின் அலமாரி. அதன் முகம் வலது சுவரிலிருந்து 39 அங்குலத்தில் நிற்கிறது. வலது சுவரிலிருந்து முழு டைலாகப் போனால் ஜாயின்ட்டுகள் 12, 24, 36 என்று விழும். 36இலிருந்து அலமாரி வரை மிஞ்சுவது 3 அங்குலம். உள்ளே வருபவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில், அலமாரியின் அடி நெடுக ஒரு மூன்று அங்குலக் கீற்று. சுவரில் தவிர்த்த கீற்று அலமாரியடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

இப்போது சூத்திரத்தின்படி செய்து பாருங்கள். மீதி 0, கூட்டினால் 12, பாதி 6. இரண்டு ஓரத்திலும் 6 அங்குலம், நடுவில் நான்கு முழு டைல். வலது சுவரிலிருந்து ஜாயின்ட்டுகள் 6, 18, 30, 42 என்று வரும். 30இலிருந்து அலமாரி முகம் வரை 9 அங்குலம் தெரியும், கண்ணுக்கு உறுத்தாது. அரை அங்குலக் கோணல் இரண்டு சுவர்களுக்கும் கால் கால் அங்குலமாகப் பிரிந்துவிடும். 6 அங்குலத் துண்டு மறுமுனையில் 5¾ ஆவதை எவரும் கவனிக்கப்போவதில்லை. பாதி பாதியாக வெட்டுவதால் ஒரே டைலில் இரண்டு ஓரத்துக்கும் துண்டு கிடைத்துவிடும். டைல் செலவும் கூடாது.

ஆகவே சுவருக்குச் சுவர் மட்டும் கணக்குப் போட்டு நிறுத்திவிடாதீர்கள். கண்ணுக்குத் தெரியும் தரை எங்கே முடிகிறது என்று பாருங்கள். அலமாரியடியில் கால் நுழைகிற பள்ளம் இருந்தால் பள்ளத்தின் உட்சுவர்வரை அளக்க வேண்டும். மேற்பலகை வரை அளந்து ஏமாறாதீர்கள். கணக்குக்கும் கண்ணுக்கும் பிணக்கு வந்தால் கண் சொல்வதைக் கேளுங்கள். அலமாரிக்குப் பின்னாலும் கமோடுக்குப் பின்னாலும் ஒல்லித் துண்டு வந்தாலும் குடிமுழுகிவிடாது. கதவிலிருந்து நேரே தெரியும் இடங்களில் வரக்கூடாது.

கதவு, டப், கமோட்

கதவோரம் 9 அங்குலத் துண்டு வருவதில் இன்னொரு லாபம் இருக்கிறது. தரை சுவர் முகத்தோடு நின்றுவிடுவதில்லை. கதவு நிலைக்குள்ளும் கொஞ்சம் நுழைய வேண்டும். இரண்டு அறைகளின் தரையும் சந்திக்கும் கோடு, கதவை மூடினால் கதவுக்கு நேர் அடியில் வர வேண்டும். உள்பக்கம் திறக்கும் கதவென்றால் அது சுவர் முகத்திலிருந்து முக்கால் அங்குலம் அளவுக்குத் தள்ளியிருக்கும். 12 அங்குல டைலில் 9 போக 3 அங்குலம் கையில் இருப்பதால் அதையே நீட்டி வெட்டிக்கொள்ளலாம். கதவோரம் முழு டைல் போட்டிருந்தால் நிலைக்குள் முக்கால் அங்குலத்துக்கு ஒரு தனித் துண்டு ஒட்ட நேரும். எல்லாரும் மிதித்து நடக்கும் இடத்தில் அது நிற்காது.

கதவு நிலையின் வளைவு நெளிவுகளுக்கு ஏற்ப டைலை வெட்ட முயலாதீர்கள். ஒரு டைல் துண்டைத் தரையில் வைத்து, அதன்மேல் கைவாளைப் படுக்கையாக வைத்து நிலைக்கட்டையின் அடியை அறுத்துவிட்டால் டைல் அதன் கீழே அழகாக நுழைந்துகொள்ளும்.

டப்பின் விளிம்பு அறையில் பளிச்சென்று தெரியும் நேர்கோடு. ஜாயின்ட்டுகள் அதற்கு இணையாகப் போகாவிட்டால் குளித்து முடித்துக் காலை வெளியே வைக்கும்போதெல்லாம் தெரியும். சுவர்கள் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் நான் டப்பின் பக்கம்தான் நிற்பேன்: டப்புக்கு இணையாக ஒரு கோடு, மற்றக் கோடு அதற்குச் செங்குத்து.

கமோடுக்குக் கீழே தரையில் ஃபிளாஞ்ச் என்னும் வளையம் இருக்கிறது. அதன் மையம் பெரும்பாலும் பின்சுவரிலிருந்து 12 அங்குலம். நம் அறையில் அது வலது சுவரிலிருந்து 48ஆவது அங்குலம். 42க்கும் 54க்கும் இடைப்பட்ட டைலின் நட்டநடுவில் விழுகிறது. டப்பிலிருந்து 15 அங்குலத்தில் மையம் இருந்தால் அந்தத் திசையிலும் 9க்கும் 21க்கும் நடுவே வந்துவிடும். ஒரே டைலில் ஒரு வட்டம் வெட்டினால் வேலை முடிந்தது. உங்கள் அறையில் வளையத்தின் விளிம்பை ஜாயின்ட் உரசிக்கொண்டு போனால் கவலை வேண்டாம், கமோடின் அடிப்பாகம் மூடிவிடும். இதற்காக மட்டும் முழு அமைப்பையும் நகர்த்தாதீர்கள்.

தரையில் கோடு

தாளில் போட்ட கணக்கைத் தரைக்கு இறக்கும் முன் தரையைச் சுத்தமாக்குங்கள். வினைல் மெல்லியது. அடியில் ஒரு ஆணித் தலை துருத்தியிருந்தாலும், பழைய பசைக் கட்டி இருந்தாலும் சில வாரங்களில் மேலே புடைத்துத் தெரியும். பள்ளங்களைப் பூசி நிரப்பித் தேய்த்துச் சமப்படுத்தி, தூசியை வாக்யூமில் எடுத்துவிடுங்கள். சிமென்ட் தரையுள்ள பேஸ்மென்ட் என்றால் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை நாலு பக்கமும் டேப்பால் ஒட்டி ஒரு நாள், இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரத்தைச் சரிசெய்யாமல் ஒட்டக்கூடாது.

இப்போது கதவுச் சுவரின் நடுப்புள்ளியையும் டப் விளிம்பின் நடுப்புள்ளியையும் குறித்து, சாக்பீஸ் பொடி தோய்த்த நூலைக் கட்டி இழுத்துச் சுண்டிவிடுங்கள். அது முதல் கோடு. அதன் மையத்தில், வலமிடமாக இரண்டாவது கோடு. நூலைக் கட்டியதும் சுண்டிவிடாமல் மூலை மட்டம் பாருங்கள். கொத்தனார்கள் பார்க்கும் அதே மூன்று, நான்கு, ஐந்து முறைதான். சிறிய அறை என்பதால் ஆறு மடங்கு அங்குலத்தில் எடுத்துக்கொள்ளலாம். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்திலிருந்து ஒரு கோட்டில் 18 அங்குலம், மற்றதில் 24 அங்குலம் குறியுங்கள். இரண்டு குறிகளுக்கும் இடையே மிகச் சரியாக 30 இருந்தால் அது செங்கோணம். இல்லையென்றால் நூலை நகர்த்தி, 30 வந்த பிறகு சுண்டுங்கள். பிறகு இரண்டாவது கோட்டிலிருந்து டப் விளிம்புக்கு உள்ள தூரத்தை இரண்டு முனையிலும் அளந்துவிடுங்கள். வித்தியாசம் இருந்தால், ஏற்கெனவே சொன்னபடி, டப்புக்கு இணையாக இந்தக் கோட்டைத் திருத்தி, முதல் கோட்டை இதற்குச் செங்குத்தாக மறுபடி அடியுங்கள்.

நம் அறையில் இரு திசையிலும் நடுவே நான்கு முழு டைல், அதாவது இரட்டைப்படை. ஆகவே இரண்டு நடுக்கோடுகளிலும் ஜாயின்ட்டுகள் வரும். ஒற்றைப்படை வந்தவர்கள் அந்தக் கோட்டை அரை டைல் தள்ளி, இன்னொரு நிறத்தில் புதிதாக அடித்துக்கொள்ளுங்கள். ஒட்டும்போது எது என்ற குழப்பம் வராது.

உலர் ஒத்திகை

தாளை உரிக்காமல் டைல்களை வைத்துப் பாருங்கள். முழுத் தரைக்கும் வேண்டாம். மையத்திலிருந்து நான்கு திசையிலும் கோட்டை ஒட்டி ஒவ்வொரு வரிசை போதும். ஓரத்துண்டு கணக்குப்படி வருகிறதா என்று அளந்துவிட்டு, எழுந்து போய்க் கதவுக்கு வெளியே நின்று பாருங்கள். கதவைப் பாதி திறந்தும் பாருங்கள். தரையை எல்லாரும் பார்க்கப்போவது அங்கிருந்துதான். உறுத்துகிற எதையும் இப்போதே நகர்த்துங்கள். இன்னும் ஒரு டைல்கூட வீணாகவில்லை. வலது பக்கம் ஓர் அங்குலம் தள்ளினால் அலமாரியடி இன்னும் நன்றாக இருக்கும் என்று தோன்றினால் தள்ளலாம். வலது சுவரோரத் துண்டு எவ்வளவாகக் குறைகிறது என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒத்திகையிலேயே டைலின் பின்னாலுள்ள அம்புக்குறியையும் கவனியுங்கள். எல்லா அம்பும் ஒரே திசையில் போகலாம், அல்லது ஒன்றுவிட்டு ஒன்று கால் சுற்றுத் திருப்பலாம். உற்பத்தியாளர் எதைச் சொல்கிறாரோ அதைப் பின்பற்றுங்கள். கல்போலவோ பளிங்குபோலவோ அச்சிட்ட டைல்ஸில் ஒரே படம் அடுத்தடுத்து வந்தால் போலித்தனம் பளிச்சென்று தெரியும். இரண்டு மூன்று பெட்டிகளைக் கலந்து எடுத்தால் இது குறையும்.

எத்தனை வாங்குவது

நம் தரையில் ஆறு வரிசை. பாதித் துண்டுகளைப் பகிர்ந்துகொள்வதால் வரிசைக்கு ஐந்து டைல், மொத்தம் முப்பது. சேதாரத்துக்குப் பத்து சதவீதம் சேர்த்தால் முப்பத்து மூன்று. மூலைவிட்டமாகப் போடுவதானால் பதினைந்து சதவீதம் சேருங்கள். சிறிய அறைக்கு அந்த அமைப்பு வேண்டாம் என்பேன், நாலு ஓரமும் முக்கோணத் துண்டாகவே நிற்கும். அலமாரியையும் கழற்றிவிட்டு அடியிலும் ஒட்டுவது நல்லது. நாளை அதைவிடச் சிறியதை வாங்கினால் வெறும் தரை தெரியாது. எல்லாப் பெட்டிகளிலும் தயாரிப்புத் தொகுதி எண் ஒன்றாக இருக்கிறதா என்று கடையிலேயே பார்த்துவிடுங்கள். தொகுதி மாறினால் நிறமும் லேசாக மாறும். ஐந்தாறு டைல்களை எடுத்துவைத்தால் பின்னாளில் ஒன்று கிழிந்தாலும் மாற்றலாம். வாங்கிய பெட்டிகளை ஒட்டப்போகும் அறையிலோ பக்கத்து அறையிலோ இரண்டு நாள் விட்டுவையுங்கள். குளிரில் கிடந்த வினைல் சூட்டில் விரியும்.

ஒட்டும் வரிசை

இரண்டு கோடுகளும் வெட்டும் மூலையில் முதல் டைல். அதை மட்டும் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்து வையுங்கள். மற்றவை எல்லாம் அதைப் பார்த்துத்தான் நிற்கப்போகின்றன. அடுத்தவை கோடுகளை ஒட்டி இரு பக்கமும், பிறகு இடைப்பட்டவை, படிக்கட்டு ஏறுவதுபோல. ஒரு கால் பகுதி முடிந்ததும் அடுத்தது. கதவுப் பக்கத்துக் கால் பகுதிகளைக் கடைசியாக வைத்துக்கொண்டால் ஒட்டிய தரையில் மண்டியிட வேண்டியிராது. டைலைச் சரித்து இழுக்காமல், ஓரத்தைப் பக்கத்து டைலோடு சேர்த்து வைத்து மேலிருந்து கீழே படியவிடுங்கள். கை ரோலரால் நன்றாக அழுத்துங்கள். சப்பாத்திக் கட்டையாலும் முடியும்.

ஓரத்துண்டுக்கு டேப்பே தேவையில்லை. சுவருக்கு முந்தைய முழு டைலின்மேல் வெட்ட வேண்டிய டைலைச் சரியாகப் பொருத்தி வையுங்கள். அதன்மேல் இன்னொரு டைலை வைத்து சுவரோடு நெருக்குங்கள். மேல் டைலின் உள்விளிம்பு, நடு டைலின்மேல் எங்கே விழுகிறதோ அங்கே கோடு கிழித்து வெட்டினால், மூடப்படாமல் வெளியே தெரிந்த பகுதிதான் உங்களுக்கு வேண்டிய துண்டு. சுவர் கோணலாக இருந்தால் துண்டும் அதே கோணலில் வந்துவிடும். ஃபிளாஞ்ச் வளையத்துக்கு ஒரு அட்டையில் வடிவம் வெட்டிப் பொருத்திப் பார்த்த பிறகு டைலில் வரையுங்கள். வளைவாக வெட்டும்போது ஹேர் டிரையரால் லேசாகச் சூடாக்கினால் வினைல் இளகிக் கத்திக்கு வழிவிடும்.

ஒட்டாமல் ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும் கிளிக் வகை வாங்கியவர்களுக்கும் கணக்கு இதேதான். ஆனால் வேலை நடுவிலிருந்து தொடங்காது. ஒரு சுவரில் கணக்குப்படி வெட்டிய துண்டோடு தொடங்கும். சுற்றிலும் கால் அங்குலம் போல விரிவதற்கு இடம் விட வேண்டும்; பேசின் அலமாரி போன்ற நிலையான பாரத்தை அதன்மேல் ஏற்றித் தரையோடு முடுக்கிவிடக் கூடாது.

எல்லாம் ஒட்டியானதும் டப் விளிம்பிலும் கமோட் வரும் சுற்றிலும் தூசி துடைத்து, குழாயில் திணித்த துணியை மறக்காமல் எடுங்கள். கமோடுக்கும் ஃபிளாஞ்சுக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் மெழுகு வளையத்தைப் புதிதாக வைத்துக் கமோடை மாட்டுங்கள்; பழைய வளையத்தை மறுபடி பயன்படுத்தாதீர்கள், கசியும். டப்புக்கும் டைலுக்கும் நடுவிலுள்ள ஜாயின்ட்டில் சிலிக்கான் இழுத்து விரலால் நீவிவிடுங்கள். சுவரடிப் பலகையை மாட்டிவிட்டு, பசை பிடிக்கவும் சிலிக்கான் உலரவும் உற்பத்தியாளர் குறித்த நேரம்வரை குளிப்பதைத் தள்ளிப்போடுங்கள்.